மூன்சாமியைத் திருத்தக் கூடாது

நவம்பர் 3, ஞாயிறு

முதல் கட்டு வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல், ஸ்கேன் செய்த இருபது பக்கங்கள். 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் போயிருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள்.

ஆளுக்கு ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், கடைசியில் அங்க அடையாளம். இதைப் படித்துத் தட்டச்சு செய்ய வேண்டும். இதே பக்கத்தை இன்னொரு தன்னார்வலரும் தனியாகச் செய்வார். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாமவர் பார்த்து முடிவு செய்வார்.

இரண்டு மணி நேரத்தில் பதினோரு வரிதான் முடிந்தது. பட்டியலை எழுதிய குமாஸ்தாவின் ஆங்கிலக் கையெழுத்தில் ‘என்’ எது, ‘யு’ எது என்றே தெரியவில்லை.

நவம்பர் 6, புதன்

மூன்று வரிகள் திரும்பி வந்தன. பட்டியலில் ‘மூன்சாமி’ என்று இருந்ததை முனுசாமி என்று நான் மாற்றியிருந்தேன். நம் ஊர்ப் பெயர் எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. “இருப்பதை இருக்கிறபடி” என்று ஒரே வரியில் பதில் வந்தது. கோபம்தான் வந்தது.

ராத்திரி யோசித்தபோது புரிந்தது. அந்தக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதுதான் அங்கே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. முதலியார் அங்கே மூட்லி, கவுண்டர் கோவெண்டர். நேட்டாலின் துறைமுக நகரமான டர்பனில் இன்று இருக்கிற பேத்தி தன் பாட்டனைத் தேடினால் மூன்சாமி என்றுதான் தேடுவாள். நான் திருத்தி வைத்தால் அவளுக்கு அவர் கிடைக்கவே மாட்டார். மூன்றையும் பழையபடி மாற்றி அனுப்பினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

இன்றைக்கு ஊர்ப் பெயர்கள். வாண்டிவாஷ் வந்தவாசி, சிங்கிள்புட் செங்கல்பட்டு, இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தது. ‘ட்ரிவட்டூர்’ என்ற ஒன்றில்தான் மாட்டிக்கொண்டேன். திருவொற்றியூர் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஜில்லா வட ஆற்காடு. அப்படியென்றால் செய்யாற்றில் இருக்கிற திருவோத்தூராக இருக்க வேண்டும். எங்கள் வேலூரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம்!

ஊர்க் கட்டத்தில் ட்ரிவட்டூர் என்றே போட்டேன். குறிப்புக் கட்டத்தில் மட்டும் என் யூகத்தை, யூகம் என்று சொல்லியே எழுதினேன். தமிழ் தெரிந்தவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் எல்லோரிடமும் கேட்பது இதற்காகத்தான். ஆங்கில எழுத்தை யாரும் படித்துவிடலாம், அதற்குள்ளே இருக்கிற ஊர் நமக்குத்தான் கேட்கும்.

நவம்பர் 12, செவ்வாய்

அலுவலகத்தில் வேலை அதிகம். நாலு வரி.

நவம்பர் 16, சனி

1860-இல் இதே தேதியில்தான் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. முதல் கப்பல் அதுதான். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் கூலி. தொடக்க காலப் பட்டியல்களில் சாதி என்ற இடத்தில் பலருக்கு மலபார், ஜென்டூ என்றுதான் இருக்கும். மலபார் என்றால் தமிழர், ஜென்டூ என்றால் தெலுங்கர்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணின் வரி வந்தது. வயது 22. அடுத்த வரியில் இரண்டு வயதுக் குழந்தை. அங்க அடையாளத்தைச் சத்தமாகப் படித்தேன்: “இடது முழங்காலில் தழும்பு.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “முழங்கால் தழும்பை எழுதணும்னா, சேலையைத் தூக்கச் சொல்லித்தானே பார்த்திருப்பாங்க?” என்றார்.

இத்தனை நாள் நூற்றுக்கும் மேற்பட்ட தழும்புகளைத் தட்டச்சு செய்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

நவம்பர் 18, திங்கள்

கட்டு முடிந்தது, ஒரு வரி நீங்கலாக. அந்தப் பெண்ணின் ஊர்ப் பெயர் தாளின் மடிப்பில் போய்விட்டது. முதல் எழுத்து ‘பி’, கடைசியில் ‘பாக்கம்’ போலத் தெரிகிறது. வட ஆற்காட்டில் ‘பாக்கம்’ என்று முடிகிற ஊர்களைப் பழைய தாலுகா வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவும் தனக்குத் தெரிந்த ஊர்களைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.