ஸ்மைல், 0 யென்: ஜப்பான் மெக்டொனால்ட்ஸ் மெனுவோடு ஒரு காமெடி முயற்சி

வெளிநாட்டு மெக்டொனால்ட்ஸில் என்னென்ன விற்கிறார்கள் என்று இரண்டு காமெடியன்கள் கேமரா முன்னால் உட்கார்ந்து கடித்துக் காட்டும் வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு கடி, அகல விரியும் கண், ஒரு 'ஆஹா' அல்லது ஒரு 'உவ்வே', உடனே அடுத்த ஐட்டம். நானும் நண்பனும் டோக்கியோவின் நிஷி-கசாய் பக்கம் குடியிருக்கிறோம். சனி, ஞாயிறு வந்தால் தமிழில் ஸ்டாண்ட்-அப் எழுதிப் பார்ப்போம். எங்கள் பங்குக்கு இந்த ஊர் மெனுவைக் கையில் எடுத்தோம். வேலை எதுவரை வந்திருக்கிறது என்பதற்கு இந்தக் குறிப்பு.

நண்பன் சுத்த சைவம். ஃபாஸ்ட் ஃபுட் விமர்சனத்துக்கு இதைவிடப் பொருத்தமில்லாத ஆள் கிடைக்கமாட்டான். தெரியாக்கி மேக்பர்கரில் பன்றி இறைச்சி, ட்சுகிமி பர்கரில் மாட்டிறைச்சி. 'ஃப்ரைஸாவது கொடு' என்றான். இங்கே அதைப் பொரிப்பது மாட்டுக் கொழுப்பும் பாமாயிலும் கலந்த எண்ணெயில். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் அவனுக்கு மெனுவில் மிஞ்சியது 'ஸ்மைல்'. கிண்டல் இல்லை, ஜப்பான் மெக்டொனால்ட்ஸ் மெனுவில் நிஜமாகவே அப்படி ஓர் ஐட்டம் உண்டு. விலை 0 யென். கவுன்டரில் போய்க் கேட்டான். அந்தப் பெண் அழகாகச் சிரித்தார். அதிலிருந்து பிறந்த வரிதான் எங்களுடைய முதல் உருப்படியான வரி: "பார்சலுக்கு 8 சதவீதம் வரி, உட்கார்ந்து சாப்பிட்டால் 10. நான் வாங்கியதற்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இந்த வரிக்குப் பிறகு ஸ்கிரிப்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டோம். இருவரும் சாப்பிட்டு இருவரும் கருத்துச் சொல்வது என்பதை விட்டுவிட்டோம். நான் சாப்பிடுவேன், அவன் கேட்பான். அவனுக்கு ருசி தெரியப்போவதில்லை, ஆனால் எல்லாம் தெரிந்தாக வேண்டும். 'சூப்பரா இருக்கு' என்று சொல்லி அவனிடமிருந்து தப்பிக்கவே முடியாது.

இதற்கு இந்த ஊரிலேயே தயாராக ஒரு வடிவம் இருக்கிறது: மான்ஸாய். ஒருவர் ஏடாகூடமாகப் பேச, பக்கத்தில் நிற்பவர் உடனுக்குடன் அதட்டித் திருத்துவார். கவுண்டமணி–செந்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. ஒரே மைக், இரண்டு பேர், அவ்வளவுதான். பின்னணி இசை, செட் எதுவும் கிடையாது. 2001-இல் தொடங்கிய எம்-1 கிராண்ட் பிரீ என்ற பெரிய போட்டியின் இறுதிச் சுற்றில் ஒரு ஜோடிக்குக் கிடைப்பது நான்கு நிமிடம். 2019-இல் அதை வென்ற மில்க் பாய் ஜோடி முதல் சுற்றில் பேசியது கார்ன்ஃப்ளேக்ஸ் பற்றி மட்டுமே. ஒரு டப்பா உணவை வைத்து நான்கு நிமிடம் அரங்கை அதிரவைக்கலாம் என்றால் எங்களிடம் ஒரு மெனுவே இருக்கிறதே என்று தைரியம் வந்தது. அவர்களுடைய உத்தியைத் தொடவில்லை, அந்த நேரக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். நீளமாக இருந்த ஸ்கிரிப்ட் அதில் பாதியாகக் கரைந்தது. கரைந்தவற்றில் எனக்குப் பிடித்த ஜோக்குகளும் அடக்கம்.

முதலில் வெளியேறியது தெரியாக்கி. சோயா சாஸ் இனிப்பு, மயோனைஸ், லெட்டூஸ், கையெல்லாம் வழியும் குழம்பு. ருசியாக இருக்கிறது, அவ்வளவுதான், சிரிக்க ஒன்றுமில்லை. உள்ளூர் நிறுவனமான மோஸ் பர்கர் 1973-இலேயே இதை விற்கத் தொடங்கிவிட்டது. மெக்டொனால்ட்ஸ் 1989-இல்தான் வந்து சேர்ந்தது. 'வெள்ளைக்காரன் கடையில் சோயா சாஸா!' என்று வியந்து நாங்கள் எழுதிய இடம் ஜப்பானிய சக ஊழியர் ஒருவருக்குப் புரியவே இல்லை. அவர் வாழ்நாள் முழுக்க அது பர்கர்தான். இந்த மாதிரி வீடியோக்களில் எனக்குச் சலிப்பூட்டுவது எது என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது. வினோதம் என்பது சாப்பிடவந்தவன் தலைக்குள் இருக்கிறது, தட்டில் இல்லை. சிரிப்பும் அவன்மேல்தான் விழவேண்டும்.

ட்சுகிமி தப்பித்தது. 1991-இலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வருகிறது: முட்டை, பேக்கன், மாட்டிறைச்சி, தக்காளி வாடையடிக்கும் கிரீம் சாஸ். நிலா பார்க்கும் பருவத்துக்கான பர்கர், முட்டைதான் நிலா. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உடோன், சோபா நூடுல்ஸ் கிண்ணங்களில் முட்டையை உடைத்து ஊற்றி நிலா என்று சொல்லிச் சாப்பிட்டு வந்தவர்கள் இவர்கள். நண்பன் கேட்டான், "நம்ம நிலாச்சோறு மாதிரியா?" "நாம நிலாவைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுறோம். இவங்க நிலாவையே பன்னுக்குள்ள வெச்சுடுறாங்க." அவன் யோசித்துவிட்டுச் சொன்னது: "அப்போ அமாவாசைக்கு வெறும் பன்னா?" ஒத்திகையில் தானாக வந்த வரி. உட்கார்ந்து எழுதியிருந்தால் வந்திருக்காது.

இப்போது கையில் இருப்பது குராகோரோ. குளிர் தொடங்கும்போது வருவது, 1993-இலிருந்து விற்கிறார்கள். மக்ரோனியையும் இறாலையும் வெள்ளை சாஸில் குழைத்து, பிரெட் தூளில் புரட்டிப் பொரித்து, முட்டைக்கோஸோடு பன்னுக்குள் வைக்கிறார்கள். யாகிசோபா நூடுல்ஸை ரொட்டிக்குள் திணித்துச் சாப்பிடும் நாட்டில் இது பெரிய சாகசம் ஒன்றுமில்லை. ஆனாலும் விசாரணைக்கு இதைவிட நல்ல கைதி கிடையாது:

— நடுவுல என்ன?
— மக்ரோனி.
— அதைச் சுத்தி?
— வெள்ளை சாஸ். மைதால பண்ணது.
— அதைச் சுத்தி?
— பிரெட் தூள்.
— அதைச் சுத்தி?
— பன்.
— டேய், கோதுமை வயலைச் சுருட்டி வாயில வெச்சிருக்கியா?
— நடுவுல எறா இருக்குடா!
— பாவம், அது வழிதப்பி வந்திருக்கும்.

தெரிந்தவர்கள் வீட்டில் கூடியபோது இதைப் பேசிக் காட்டினோம். கோதுமை வயலுக்கு நல்ல சிரிப்பு. எறாவுக்குப் பெரியவர்கள் சிரித்தார்கள், பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு எறா பிடிக்குமாம்.

படப்பிடிப்பு பற்றிக் கொஞ்சம். கடைக்குள் எடுப்பதில்லை, பக்கத்து மேஜைக்காரர் முகம் தெரிந்துவிடும், ஊழியர்களுக்கும் தொந்தரவு. வீட்டுக்குப் பார்சல் வாங்கிவந்து விடுகிறோம். விளக்கு, மைக் எல்லாம் தயாரான பிறகுதான் ஒருவர் கடைக்குக் கிளம்புவது. முதல் கடியை ஒருமுறைதான் எடுக்கமுடியும். இரண்டாம் தடவை வியந்தால் அது நடிப்பு என்று யாருக்கும் தெரிந்துவிடும். அதனால் கேமரா முதலில் என் முகத்தில் இல்லை, நண்பன் முகத்தில். சாப்பிடாதவன் முகத்தில் ஓடும் சந்தேகம் எத்தனை டேக் போனாலும் குறைவதில்லை.

பாக்கி இருப்பவை: ஷாக்கா சிக்கனில் பொடியைப் பைக்குள் கொட்டிக் குலுக்கும் சத்தத்தைத் தாளமாக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். எபி ஃபிலே என்ற இறால் பர்கரை எறா ஜோக்கோடு கோத்தால் நேரம் தாண்டுகிறது. ஸ்மைல் வரியை முதலிலிருந்து கடைசிக்குத் தள்ளவேண்டும் என்கிறான் நண்பன். கடைசிவரை பசியோடு நிற்பவன் அவன்தான், அந்த வரி அவனுக்கே போகட்டும் என்று நானும் விட்டுக்கொடுத்திருக்கிறேன். எடிட் முடிந்ததும் அடுத்த குறிப்பு.