அளநாட்டில் காலை வணக்கம் கிடையாது

நாவலுக்காக ஒரு நாட்டைக் கற்பனை செய்ய உட்கார்ந்து, முதல் ஒன்றரை வருஷத்தை வீணாக்கினேன். கொடி வரைந்தேன், வரைபடம் போட்டேன். 14 அரசர்களுக்குப் பெயர் வைத்து, யார் யாரை வென்றார் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதினேன். அக்கா அதைப் பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்டாள்: "இந்த ஊர்ச் சனங்க காலையில என்னடா சாப்பிடுவாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நோட்டு பரணுக்குப் போயிற்று.

வழி காட்டியது தொல்காப்பியம். 'தெய்வம் உணாவே மாமரம் புட்பறை' என்று தொடங்கும் கருப்பொருள் நூற்பாவைப் பள்ளியில் மனப்பாடம் செய்ததோடு சரி. இப்போது படித்தால், ஒரு நிலத்து வாழ்க்கையை எங்கிருந்து கட்ட வேண்டும் என்ற பட்டியலே அதில் இருக்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். அந்த வரியில் அரசன் இல்லை! நெய்தலுக்கு உரையாசிரியர்கள் சொல்லும் உணவு இன்னும் அழகு: மீன் விலையும் உப்பு விலையும். உப்பைத் தின்று வாழ முடியாது, விற்றால்தான் சோறு. அகநானூற்றில் உப்பு விற்க வரும் பெண் நெல்லுக்கு நேர் உப்பு என்று தெருத்தெருவாகக் கூவுகிறாள். என் நாடு உப்பு விளையும் நாடு என்று அன்றிரவே முடிவு செய்தேன். அளம் என்றால் உப்பளம், அதனால் அளநாடு.

பிறகு தூத்துக்குடிப் பக்கம் போய் உப்பளங்களைப் பார்த்தேன். வெயில் ஏறினால் வெள்ளைப் பாத்தியின் கூச்சம் கண்ணைக் குத்தும் என்பதால், விடியும் முன்பே உப்பு வாரத் தொடங்கிவிடுகிறார்கள். வரப்பில் நின்று பேசிய ஒரு அம்மாவின் பாதத்தைப் பார்த்தேன். குதிகால் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் வெள்ளையாக உப்பு. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே அளநாட்டின் முகமன் கிடைத்துவிட்டது. அங்கே காலை வணக்கம் கிடையாது. இருட்டில் எதிரே வருபவரிடம் "கால் எப்படி இருக்கு?" என்பார்கள். "நடக்குது" என்பது பதில்.

அதற்கப்புறம் வழக்கங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு விளையாது. அளநாட்டில் அது மூடுகாலம். கல்யாணம், கடன் தீர்த்தல், வழக்குப் பேசுதல் எல்லாம் அப்போதுதான். நல்ல தண்ணீர் தொலைவிலிருந்து வண்டியில் வருவதால் விருந்தாளிக்கு முதல் மரியாதை ஒரு செம்புத் தண்ணீர். அவர் கடைசி மடக்கைக் குடிக்காமல் வாசல் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்ற வேண்டும். உப்பைக் கையில் கொடுக்காமல் கீழே வைத்து எடுக்கச் சொல்லும் நம் வீட்டு வழக்கத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அக்காவின் கேள்விக்கும் பதில் வந்தது: பழைய சோறு, சுட்ட கருவாடு. சோற்றில் உப்புப் போடமாட்டார்கள், கருவாட்டு உப்பே போதும்.

நான் மிகவும் தயங்கியது சாவுச் சடங்கில். குஜராத்தின் கட்ச் உவர்நிலத்தில் உப்பு எடுக்கும் அகரியா மக்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: உப்பில் ஊறி ஊறி இறுகிய அவர்களுடைய பாதம் சிதையிலும் எளிதில் வேகாதாம். அதைப் படித்த பிறகு பல நாள் எழுதவே முடியவில்லை. அதை எடுத்து அப்படியே கதைக்குள் வைக்க மனம் ஒப்பவில்லை, அது அவர்களுடைய துயரம். கடைசியில் அளநாட்டில் ஒருவர் இறந்தால் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு செம்பு குடிதண்ணீர் கொண்டுவருவார்கள் என்று எழுதினேன். மூத்த மகள் உட்கார்ந்து, வெடிப்பிலிருக்கும் உப்பெல்லாம் கரைந்து போகும்வரை பாதத்தைக் கழுவுவாள். அதுவரை யாரும் அழக்கூடாது, கண்ணீரும் உப்பு.

அந்தப் பக்கத்தை அக்காவிடம் கொடுத்தேன். படித்து முடித்து, "அந்த மகளுக்கு என்ன பேரு?" என்றாள்.