கேட்கிற இடத்துக்கு ரத்தம்

ஜூன் 9

நாளை மறுநாள் முதலாண்டு மாணவர்களுக்கு ரத்த ஓட்டப் பாடம். ஓய்வில் இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் அனுப்புகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளைக்கு அதில் ஏறக்குறைய 15 சதவீதம் போகிறது. சிறுநீரகங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. வேகமாக ஓடினால் இந்தக் கணக்கு மொத்தமும் மாறி, தசைகளே பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். இதைப் பிரித்துக் கொடுப்பது இதயம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதைச் செய்பவை நுண்தமனிகள், அதாவது திசுக்களுக்கு ரத்தம் நுழையும் வாசலில் இருக்கும் மிகச் சிறிய தமனிகள். அவற்றைப் பற்றி நம் பாடநூல்கள் இன்னும் உரக்கப் பேச வேண்டும்.

ஜூன் 11

முன்வந்த மாணவி ஒருவரின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, சிறிது நேரம் ஓட்டத்தை நிறுத்தினோம். காற்றை இறக்கியதும், வெளிறியிருந்த உள்ளங்கை முன்னைவிடச் சிவந்து சூடேறியது.

"மூளை உத்தரவிட்டதா, ஐயா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நரம்பைத் துண்டித்தாலும் இது நடக்கும். ஓட்டம் நின்ற திசுவில் ஆக்சிஜன் குறைகிறது. கரியமில வாயு, அடினோசின் போன்ற, செல்களின் வேலையில் உண்டாகும் பொருள்கள் சேர்கின்றன. அவை அங்குள்ள நுண்தமனிச் சுவரின் தசையைத் தளர்த்துகின்றன. பசித்த திசுவே தன் வாசலைத் திறந்துகொள்கிறது! சற்றே திறந்தாலும் போதும்: குழாய்களில் திரவ ஓட்டத்தை ஆராய்ந்த புவாசே கண்ட விதிப்படி, அழுத்தம் மாறாமல் குழாயின் ஆரம் இருமடங்கானால் ஓட்டம் 16 மடங்கு.

ஜூன் 12

அழுத்தம் ஏறிக் குழாய் இழுபட்டால் அதன் தசை தானே சுருங்கும். 1902இல் உடலியங்கியல் அறிஞர் பேலிஸ் சொன்னது. மூளையின் ரத்த ஓட்டம் பெரிதாக ஏறி இறங்காமல் இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

ஜூன் 16

இன்றைய பாடம், ஆய்வாளர் ஃபர்ச்காட்டின் சோதனை. முயலின் தமனித் துண்டில், குழாயின் உட்புறத்தை மூடிய மெல்லிய உட்படலம் பழுதில்லாமல் இருந்தால், நரம்புகள் சுரக்கும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் பட்டதும் அத்துண்டு விரிந்தது. படலம் உரசிப் போயிருந்தால் விரியவில்லை. 1980இல் வெளியான அந்த ஆய்வு, உட்படலம் வெளியிட்டுக் குழாய்த் தசையைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடில் போய் முடிந்தது. 1998இல் இக்னாரோ, முராத் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு. உட்படலத்தை வெறும் மேற்பூச்சாக எண்ணியிருந்த காலத்தில் எவ்வளவு கூர்மையான கவனிப்பு!

ஜூன் 17

நுரையீரலில் எல்லாம் தலைகீழ். ஆக்சிஜன் குறைந்த பகுதியில் ரத்தக் குழாய் சுருங்குகிறது. காற்று வராத இடத்துக்கு ரத்தம் போய்ப் பயனில்லை அல்லவா? ஆனால் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லடாக்கின் லே நகருக்கு விமானத்தில் போய் இறங்குபவருக்கு நுரையீரல் முழுவதிலுமே ஆக்சிஜன் குறைவு. எங்கும் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. உடனே ஆக்சிஜன் கொடுத்துக் கீழே இறக்கிவிட வேண்டும்.