ஹென்ட்ரிக்ஸ் பயோ சரி பாக்குற வேலை

ஒரு ஆடியோ கம்பெனியில ஸ்கிரிப்ட் சரி பாக்குறது என் வேலை. பாட்டு போடுறதுக்கு முன்னாடி அந்த ஆர்ட்டிஸ்ட் பத்தி மூணு நிமிஷம் தமிழ்ல பேசுவோம்ல, அதுல வர்ற பேரு, ஊரு, தேதி, யாரு கூட வாசிச்சாரு, எப்படி செத்தாருன்னு எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. ராக் கிட்டாரிஸ்ட்டுங்கள்ல திரும்பத் திரும்ப என் டேபிளுக்கு வர்றது ஜிமி ஹென்ட்ரிக்ஸ், திருத்த வேண்டியது அதிகமா இருக்கிறதும் அவரோட ஸ்கிரிப்ட்லதான். காரணம் எனக்குப் புரியுது. அவர் லண்டன்ல போய் இறங்குனது 1966 செப்டம்பர் 24, அதே லண்டன்ல செத்துப்போனது 1970 செப்டம்பர் 18. நாலு வருஷம் கூட முழுசா நிரம்பல, அதுக்கப்புறம் அம்பது வருஷத்துக்கும் மேல அவரப்பத்தி மத்தவங்க சொல்ற கதைதான் ஓடிட்டு இருக்கு.

சிக்கல் பேர்லயே ஆரம்பிச்சிடும். சியாட்டில்ல 1942 நவம்பர் 27 பொறந்தப்ப வச்ச பேரு ஜானி ஆலன் ஹென்ட்ரிக்ஸ். அம்மா லூசிலுக்கு அப்ப 17 வயசு. அப்பா ஆல் ஹென்ட்ரிக்ஸ் ராணுவத்துல சேர்ந்து அலபாமா கேம்ப்ல கெடக்குறாரு, குழந்தைய பாக்க லீவு கூட கொடுக்கல. அவர் ஊருக்குத் திரும்பி வந்து 1946லதான் பையன் பேர ஜேம்ஸ் மார்ஷல்னு மாத்துறாரு, அந்த மார்ஷல் செத்துப்போன தன்னோட சகோதரன் ஞாபகமா வச்சது. "ஜேம்ஸ் மார்ஷல் ஹென்ட்ரிக்ஸ் பொறந்தார்"னு ஒரே வரில முடிச்சுட்டா கேக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுதான், ஆனா பையன் மொகத்தயே பாக்காத அப்பாவும் தனியா கெடந்த அந்தச் சின்னப் பொண்ணும் கதையில இல்லாமலே போயிடுவாங்க. அதான் எனக்கு மனசு வராது. இன்னொண்ணு வயசு, 1970ல 1942ஐ கழிச்சு 28ன்னு எழுதிடுவாங்க, பொறந்தநாள் வர இன்னும் ரெண்டு மாசம் பாக்கி இருந்துச்சு, அதனால 27தான்.

அப்புறம் அவர் இடது கைக்காரர்ங்கிற விஷயம். "கிட்டார தலைகீழா புடிச்சு வாசிச்சார்"னு வரும், அது பாதிதான் சரி. வலது கைக்காரங்களுக்கான ஃபெண்டர் கம்பெனியோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமா ஸ்ட்ராட்) கிட்டார திருப்பிப் புடிச்சாரு, ஆனா ஸ்ட்ரிங்க எல்லாம் கழட்டி தனக்கு ஏத்த மாதிரி மாத்திக் கட்டிக்கிட்டாரு, தடிச்ச ஸ்ட்ரிங் மேல, மெல்லிசு கீழ. மாத்தாம அப்படியே திருப்பி வாசிச்சது ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஆல்பர்ட் கிங், ரெண்டு பேரையும் ஒண்ணாப் போட்டு குழப்பக்கூடாது. இது சவுண்டயே மாத்துற விஷயம். ஸ்ட்ராட்ல பிரிட்ஜ் (ஸ்ட்ரிங் ஒடம்புப் பக்கம் உக்கார்ற இடம்) பக்கத்து பிக்கப்ப (ஸ்ட்ரிங் அதிர்வ சிக்னலா மாத்துற பாகம்) சாய்வா வச்சிருப்பாங்க, கிட்டார திருப்பினதும் அந்தச் சாய்வும் திரும்பிடும், தடிச்ச ஸ்ட்ரிங் இன்னும் பளிச்சுன்னு வரும், மெல்லிசு கொஞ்சம் உருண்டையா வரும். அவர் டோன் பத்தி பேசணும்னா இதச் சொல்லாம எப்படி பேசுறது?

போட்டோவும் நான்தான் பாக்கணும். டிசைன்ல லேஅவுட்டுக்காக படத்த இடம் வலம் திருப்பிடுவாங்க, ஹென்ட்ரிக்ஸ் திடீர்னு வலது கைக்காரர் ஆயிடுவாரு. கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழக்கம் இருக்கு. அவர் நம்மள பாத்து நிக்கிற படம்னா கிட்டார் கழுத்து நமக்கு இடது பக்கமா நீளணும். அப்புறம் கிட்டார் தலையில இருக்கிற ஃபெண்டர் எழுத்து, அது தலைகீழா இருந்தா சரி, கண்ணாடியில தெரியுற மாதிரி இருந்தா படத்த திருப்பிட்டாங்கன்னு அர்த்தம். ஸ்ட்ராட்னா ட்யூனிங் கீ எல்லாம் கீழ் பக்கம் இருக்கும், வால்யூம் குமிழ் மேல வந்திருக்கும். ஆனா 1970ல அவர் கையில ஒரு கிப்சன் ஃபிளையிங் வி இருந்துச்சு, அது இடது கைக்காரங்களுக்குன்னே செஞ்சது, அங்க குமிழ வச்சு முடிவு பண்ண முடியாது, கழுத்து எந்தப் பக்கம் போகுதுன்னுதான் பாக்கணும்.

மேடை கதைங்கள்ல நெறைய சொல்ல வேண்டாம். கிட்டார முதல்ல கொளுத்துனது கலிஃபோர்னியா மான்டரே இசை விழாவுல இல்ல, அதுக்கு முன்னாடியே 1967 மார்ச் 31 லண்டன் அஸ்டோரியால. மான்டரே அந்த ஜூன் 18. அமெரிக்காவுல நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவுல நாலு லட்சம் பேர் முன்னாடி வாசிச்சார்ங்கிறதயும் நான் விட மாட்டேன், ஞாயித்துக்கிழமை ராத்திரி முடிய வேண்டிய ஷோ இழுத்து இழுத்து 1969 ஆகஸ்ட் 18 திங்கக்கிழமை காலையிலதான் அவர் மேடை ஏறினாரு, அதுக்குள்ள பெரும்பாலான கூட்டம் கெளம்பிடுச்சு. கலைஞ்சுபோன அந்த மைதானத்துல விடிஞ்ச வெளிச்சத்துல அமெரிக்க தேசிய கீதத்த அப்படி வாசிச்சாருங்கிறதுதான் எனக்குப் பெருசாப் படுது, அதுக்கு மேல நாலு லட்சம் எதுக்கு?

எனக்கு ரொம்ப யோசிக்க வைக்கிறது ராணுவ விஷயம். ஆபீஸ்ல ரெண்டு சோர்ஸ் இருந்தா போதும்னு ஒரு ரூல் உண்டு. ஹென்ட்ரிக்ஸ் பாராசூட்ல குதிச்சப்ப கணுக்கால் ஒடஞ்சு ராணுவத்த விட்டு வெளிய வந்தார்னு ரெண்டு என்ன, இருபது சோர்ஸ் காட்டலாம். எல்லாத்தையும் பின்னாடியே தேடிப் போனா கடைசில ஒரே ஆள்கிட்டதான் நிக்கும், ஹென்ட்ரிக்ஸ்கிட்டயே. அவர்தான் பேட்டியில 26வது குதிப்புல ஒடஞ்சதுன்னு சொன்னாரு. ராணுவ பேப்பர் வேற மாதிரி இருக்கு. 1961ல திருட்டு கார்ல போய் மாட்டுனாரு, ஜெயிலா ராணுவமான்னு வந்தப்ப மே 31 ராணுவத்துல சேர்ந்தாரு, கென்டக்கி ஃபோர்ட் கேம்ப்பெல்ல 101வது ஏர்போர்ன்ங்கிற பாராசூட் படைப்பிரிவு. டியூட்டி நேரத்துலயும் இவன் நெனப்பு பூரா கிட்டார்லயே இருக்கு, ராணுவத்துக்கு ஒத்து வரமாட்டான்னு மேலதிகாரிங்க எழுதுறாங்க, 1962ல வெளிய விடுறாங்க. கணுக்கால்தான் காரணம்னு அதுல இல்ல.

இப்ப என்ன செய்யுறது? அவர் சொன்னத தூக்கிடணும்னு நான் நெனைக்கல, பொய் சொன்னார்னு தீர்ப்பு எழுதவும் நான் யாரு. "அவர் இப்படி சொன்னார், ராணுவ பேப்பர் இப்படி சொல்லுது"ன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிடுறேன், எட்டு வினாடி கூட ஆகும், ஆகட்டும். அந்த இடத்த கணுக்காலோட முடிச்சா இன்னொரு ஆளும் காணாம போயிடுவாரு. அதே கேம்ப்ல இவர் வாசிக்கிறத வெளிய நின்னு கேட்டு உள்ள வந்த பேஸ் வாசிக்கிறவர் பில்லி காக்ஸ், பின்னாடி வுட்ஸ்டாக்லயும் ஹென்ட்ரிக்ஸோட பேண்ட் ஆஃப் ஜிப்ஸிஸ் குழுவுலயும் கூட நின்னவரு. அப்பாவுக்கு லெட்டர் போட்டு கிட்டார அனுப்பி வைங்கன்னு கேட்டு வாங்குனதும் அங்க இருந்தப்பதான். ராணுவம் அவருக்கு வீணாப்போன வருஷம்னு சொல்லவே முடியாது.

நம்ம ஆளுங்க ஸ்கிரிப்ட்ல தவறாம வர்ற இன்னொண்ணு 1967 'ஆக்ஸிஸ்: போல்ட் அஸ் லவ்' ஆல்பம் அட்டை. நம்ம வீட்டு காலண்டர்ல பாக்குற விஸ்வரூபம் படத்துல அவர் மொகத்தயும் அவர் குழுவுல வாசிச்ச நோயல் ரெட்டிங், மிட்ச் மிட்செல் மொகத்தயும் வச்சிருப்பாங்க. உடனே "இந்து ஆன்மீகத்துல ஈடுபாடு கொண்ட"ன்னு ஒரு வரி வந்துடும். அந்த அட்டை ரெக்கார்ட் கம்பெனி முடிவு பண்ணது, தன் குடும்பத்துல இருக்கிற அமெரிக்கப் பழங்குடி வேர காட்டிருக்கலாமேன்னு அவருக்கு வருத்தம். நமக்கு நெருக்கமா தெரியுதுங்கிறதுக்காக அவர் மேல ஒரு பக்திய ஏத்தி விடக்கூடாது, நான் அந்த வரிய எப்பவும் அடிச்சிடுவேன்.

சாவு பத்தி எழுதுறதுதான் கஷ்டம். ஒருத்தர் தற்கொலைன்னு எழுதுவாரு, இன்னொருத்தர் கொலைன்னு எழுதுவாரு, ப்ரொட்யூசருக்கு 'மர்மம்'ங்கிற வார்த்தை வேணும். பதிவுல இருக்கிறது இவ்வளவுதான்: நாட்டிங் ஹில்ல ஒரு ஹோட்டல் ஃபிளாட், தூக்க மாத்திரை, வாந்தி மூச்சுக்குழாய்ல போய் அடச்சது, ஆஸ்பத்திரியில மதியம் 12:45க்கு இறந்துட்டார்னு அறிவிச்சது. விசாரணை அதிகாரி எதுன்னு முடிவு சொல்ல ஆதாரம் பத்தலன்னு தீர்ப்ப தெறந்தே வச்சிட்டாரு. 1990கள்ல திரும்ப விசாரிக்கச் சொல்லி கேட்டாங்க, முழு விசாரணை திரும்ப தொடங்கல. கூட இருந்த பொண்ணு ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி சொன்னாங்க, ஆம்புலன்ஸ்ல வந்தவங்க சொன்னது அதோட ஒத்துப் போகல. அதிகாரியே தெறந்து வச்ச கதவ மூணு நிமிஷ ஸ்கிரிப்ட்ல நாம மூட முடியாதுன்னு ப்ரொட்யூசர்கிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் வாதாடிட்டு ஒத்துக்கிட்டாரு.

மர்மத்த எடுத்ததுல மிச்சமான நேரத்துல எலக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவ சேத்தோம். நியூயார்க் கிரீன்விச் வில்லேஜ்ல தனக்குன்னே கட்டுனது, 1970 ஆகஸ்ட் 26 தெறப்பு விழா பார்ட்டி, அது முடிஞ்சதும் ஐல் ஆஃப் வைட் கச்சேரிக்கு பிளேன் ஏறினாரு, அதுக்கப்புறம் அங்க திரும்பி வரல. அந்த ஸ்டுடியோ இன்னிக்கும் ஓடுது, அங்க இன்னும் ரெக்கார்டிங் நடக்குது.