கிரீனில் வாட்டம் பார்ப்பது

போன மாதம் ஊட்டியில் கோல்ஃப் ஆடும்போது ஒரு ஆறடி ‘பட்’டை, அதாவது ஆறடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடியை, தவறவிட்டேன். ஆறடியை எல்லாரும்தான் தவறவிடுகிறார்கள், அதில் வெட்கமில்லை, ஆனால் பந்து குழியிலிருந்து அரையடி தள்ளி, அதுவும் நான் நினைத்ததற்கு நேர் எதிர்ப்பக்கம் போனதுதான் இன்னும் உறுத்துகிறது. வலப்பக்கம் மலை ஏறிப் போகிறது. என் கண்ணுக்கு கிரீன், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை, லேசாக மலைப்பக்கமே சாய்ந்திருப்பது போலத் தெரிந்தது, பந்து வலப்பக்கம் திரும்பும் என்று குழிக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகக் குறிவைத்தேன். அது பாட்டுக்கு இன்னும் இடப்பக்கமாக ஓடிவிட்டது. பை தூக்கி வந்த அண்ணன் சிரிக்கவில்லை. கொடியைத் திரும்பக் குழியில் செருகிக்கொண்டே, “மலைய பாக்காதீங்க சார், மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போவும்னு பாருங்க” என்றார்.

யோசித்தால் சரிதான். மலைச்சரிவு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, அதில் வெட்டிப்போட்ட கிரீன் அதே பக்கம்தான், ஆனால் கொஞ்சம் குறைவாகச் சாய்ந்திருக்கிறது. கண் சுற்றுப்புறத்தையே மட்டம் என்று எடுத்துக்கொள்வதால் கிரீன் எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஓடு பதித்த கொத்தனார் ஞாபகத்துக்கு வந்தார். ரசமட்டம் கையில் இருந்தும் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, குத்தவைத்து உட்கார்ந்து அது போகிற வழியையே பார்த்துக்கொண்டிருப்பார். “வாட்டம் கண்ணுக்குத் தெரியாது, தண்ணிக்குத் தெரியும்” என்பார். கிரீன் கட்டுகிறவர்களும் தண்ணீர் தேங்காமல் வடிய வாட்டம் விட்டுத்தான் கட்டுகிறார்கள். குழி வெட்டும் இடங்களில் அது பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம். 2 சதவீதம் என்றால் பத்தடிக்கு இரண்டரை அங்குலம்கூட இல்லை. இவ்வளவு சின்ன இறக்கத்தைக் கண்ணால் பிடிக்கப் பார்ப்பதுதான் நம் சிக்கல்.

கால் பிடித்துவிடும். மார்க் ஸ்வீனி உருவாக்கிய எய்ம்பாயின்ட் முறையின் அடிப்படையே அதுதான்: பந்துக்கும் குழிக்கும் நடுவே, கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்று, எந்தக் காலில் பாரம் கூடுதலாக இறங்குகிறது என்று உணர்ந்து, வாட்டத்துக்கு 1, 2, 3 என்று மார்க் போட்டு, அத்தனை விரலைக் குழிக்கு நேரே நீட்டிக் குறி எடுப்பது. விரல் நீட்டுவது முதலில் எனக்கு ஜோசியம் மாதிரிதான் இருந்தது. பாதத்தால் வாட்டம் பார்ப்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்கு முன் ஒரு வருஷம் மட்டையைக் கண்ணுக்கு முன்னால் தூக்குக்குண்டு மாதிரி தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், நாம் நிற்பதே சாய்வில் என்றால் அதை நம்புவதற்கில்லை. பார்க்கிறவர்களுக்கு நான் பெரிய ஆட்டக்காரன் மாதிரி தெரிந்திருப்பேன், அவ்வளவுதான் பிரயோஜனம்.

வாட்டம் எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகும் அளவைக் குறைத்தே எடைபோடுகிறோம். பந்து பள்ளப்பக்கமாகத் தவறினால் அதற்கு ‘அமெச்சூர் சைடு’, கத்துக்குட்டிப் பக்கம், என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 2013 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில், மழையும் இருட்டுமாக, சமநிலையை முறிக்க ஆடும் பிளே-ஆஃபின் இரண்டாவது குழியில், ஜெயிக்க ஆஸ்திரேலியர் ஆடம் ஸ்காட்டுக்குப் பன்னிரண்டடி போல ஒரு பட். வெளிச்சம் போதாமல் தன் பை தூக்கும் கேடி ஸ்டீவ் வில்லியம்ஸைக் கூப்பிட்டார். ஒரு குழியகலத்துக்குக் கொஞ்சம் மேலே திரும்பும் என்பது ஸ்காட்டின் கணக்கு, குறைந்தது இரண்டு என்றார் வில்லியம்ஸ். ஸ்காட் அதை நம்பி அடித்தார், உள்ளே போனது, ஆஸ்திரேலியாவுக்கு முதல் மாஸ்டர்ஸ். அவருக்கே பாதிதான் தெரிந்திருக்கிறது என்றால் நமக்கு?

அப்புறம் வேகம். இதைப் பேசாமல் வாட்டத்தைப் பேசவே முடியாது. பந்து மெதுவாகப் போனால் அதிகம் திரும்பும், அதனால்தான் கடைசி இரண்டடி தூரத்தில் திடீரென்று வளைகிறது. இப்போது நான் முதலில் குழியைச் சுற்றி மூன்றடியைத்தான் படிக்கிறேன், பந்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேடுபள்ளத்தை ஒரு பார்வையோடு விட்டுவிடுகிறேன். இறக்கத்தில் அடிப்பதென்றால் இன்னும் தாராளமாக மேட்டுப்பக்கம் விட வேண்டும். பெர்முடா புல் கிரீனில் புல் படுத்திருக்கும் திசையும் இழுக்கும்: நிற்கிற பக்கத்திலிருந்து பளபளப்பாகத் தெரிந்தால் புல் நமக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கறுத்துத் தெரிந்தால் தடுக்கும்.

மறுநாள் காலை அதே குழி, கொடி இடம் மாறவில்லை. நேற்றைய இடத்துக்கே போய் பந்தை வைத்து, காலை அகட்டி நின்றேன், இடது காலில் பாரம் தெளிவாகவே இறங்கியது. மலைப்பக்கமாக இரண்டு குழியகலம் தள்ளிக் குறிவைத்து மெல்லத் தட்டினேன். பந்து அழகாக வளைந்து வந்து, குழியின் மேல் விளிம்பை உரசி, உள்ளே விழாமல் நின்றுவிட்டது. “இது பரவால்ல சார், மேட்டுப்பக்கம்தான் போச்சு” என்றார் அண்ணன்.