செட்டிநாட்டிலிருந்து தெற்கு வானம்: மாசி முதல் சித்திரை வரை

காரைக்குடி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 டிகிரியில் இருக்கிறது. நெபுலா (விண்வெளி வாயு, தூசு மேகம்), கேலக்ஸி (பெரும் நட்சத்திர மண்டலம்) படம் எடுப்பவருக்கு இந்த ஒரு எண்ணைப் பொறுத்துத்தான் பாதி வேலையே. துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேலே 10 டிகிரிதான் நிற்கும். ஒரு தென்னந்தோப்பு போதும், மறைந்துவிடும். ஆனால் லண்டனில் இருப்பவர் தன் ஊரிலிருந்து ஒரு நாளும் பார்க்க முடியாத தெற்கு வானம் நமக்கு நன்றாகவே மேலேறி வருகிறது. காவலூர் வைனு பாப்பு வானாய்வகமும் 12½ டிகிரியில் இருப்பதால்தான் இரண்டு பக்க வானத்தையும் பார்க்க முடிகிறது.

யூடியூபில் வரும் பட்டியல்கள் பெரும்பாலும் வடக்கு நாட்டுக்காரர்கள் போட்டவை. ஆண்ட்ரோமெடா, ரோசெட், கலிபோர்னியா நெபுலா என்று போகும். நானும் அவற்றை எடுத்தேன், நன்றாகவே வந்தன. இந்த வருஷம் மாசியிலிருந்து சித்திரை வரை தெற்கை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

கையில் இருப்பது 135 மி.மீ. லென்ஸ், 250 மி.மீ. குவியத் தூரமுள்ள ஒரு சின்னத் தொலைநோக்கி, பழைய ஏபிஎஸ்-சி (சற்றுச் சின்ன சென்சார்) கேமரா, பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகத் திரும்பும் டிராக்கர். 135-இல் ஒரு படத்தின் அகலம் 9 டிகிரிக்கு மேல். பதினெட்டு முழு நிலாவை வரிசையாக நிறுத்தலாம்.

முதலில் இடம். கானாடுகாத்தான் பக்கத்து வீட்டு மொட்டை மாடி விசாலமானது, காற்றும் நன்றாக வரும். ஆனால் அங்கிருந்து தெற்கே பார்த்தால் காரைக்குடி வெளிச்சம். அதனால் தேவகோட்டைக்கும் தெற்கே, சொந்தக்காரர் ஊர்க் கண்மாய்க்கரைக்கு மாறினேன். ஊர் விளக்கெல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. கூடவே துருவ நட்சத்திரமும் அந்த மங்கல் வெளிச்சத்தில் கரைந்துவிட்டது.

டிராக்கரின் அச்சு வானத் துருவத்தை நேராகப் பார்க்க வேண்டும். துருவ நட்சத்திரம் தெரியாமல் அதை எப்படி நேராக்குவது? இதற்குத்தான் டிரிஃப்ட் முறை. திசைகாட்டியை வைத்து முடிந்த அளவு வடக்குப் பார்த்து நிறுத்தி, சாய்வை 10 டிகிரியில் வைக்க வேண்டும். மாசி மாதம் இருட்டிச் சற்று நேரத்தில் ஓரியனின் இடுப்புப் பட்டை கிட்டத்தட்டத் தலைக்கு மேல் வந்துவிடும். அதில் ஒரு நட்சத்திரத்தைக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால், மெதுவாக வடக்கே அல்லது தெற்கே நகரும். டிராக்கரை இடமோ வலமோ கொஞ்சம் திருப்ப வேண்டும். நகர்வு கூடினால் எதிர்ப்பக்கம், குறைந்தால் அதே பக்கம். அது நின்றதும் கிழக்கே எழும் ஒரு நட்சத்திரத்தை வைத்து இதே மாதிரி சாய்வைச் சரிசெய்ய வேண்டும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கை பழகியபின் அரைமணி நேரத்தில் முடிகிறது. இன்னொரு விஷயம்: சாய்வு இவ்வளவு குறைவாக இருந்தால் எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். எந்தக் கால் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாசியில் தொலைநோக்கியைக் கரீனா நெபுலா பக்கம் திருப்பினேன். இங்கிருந்து அது அதிகபட்சம் 20 டிகிரி உயரம்தான் வரும். அந்த உயரத்தில் தலைக்கு மேலே இருக்கும் காற்றைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு காற்றைத் தாண்டி வெளிச்சம் வருகிறது. ஆனாலும் பெரிய, பிரகாசமான நெபுலா, அகலம் சுமார் 2 டிகிரி. அதற்குள்ளேதான் ஈட்டா கரீனா இருக்கிறது. 1843-இல் வெடித்துக் கிளம்பி, கொஞ்ச காலம் வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாக நின்றது. என் கேமராவின் ஃபில்டர் ஹைட்ரஜனின் சிவப்பை, 656 நானோமீட்டர் ஒளியை, பெருமளவு தடுத்துவிடும். அப்படியும் 60 வினாடிப் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து ஸ்டாக் செய்தபோது இளஞ்சிவப்பும், நடுவே சாவித்துவாரம்போல் இருண்ட பகுதியும் தெளிவாக வந்தன.

என் மனதுக்கு நெருக்கமானது சித்திரையில் எடுத்த படம்தான். ஒமேகா சென்டாரி என்னும் நட்சத்திரக் கொத்தும், சென்டாரஸ் ஏ என்னும் கேலக்ஸியும் வானத்தில் 4½ டிகிரி இடைவெளியில் இருக்கின்றன. 135 லென்ஸில் இரண்டும் ஒரே சட்டத்தில் அடங்கும். கொத்து நம் பால்வெளியைச் சேர்ந்தது, சுமார் 17,000 ஒளியாண்டு தூரம். கேலக்ஸி இருப்பது 1 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால். கொத்து உருண்டையாக, விளிம்பில் மணிமணியாகப் பிரிந்து வந்தது. கேலக்ஸி அளவில் சின்னதுதான். ஆனால் படத்தைப் பெரிதாக்கினால் அதன் நடுவே ஓடும் தூசுப் பட்டை கறுப்பாகத் தெரிகிறது. அந்தப் பட்டையை என் கேமராவில் முதன்முதலாகப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

அன்று தோட்டக் காவலுக்கு வந்த பெரியவர் ஒருவர் டார்ச்சை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். “தெக்க என்னத்தத் தம்பி பாக்குறீக?” என்றார். பைனாகுலரைக் கொடுத்து, ஒமேகா சென்டாரியைக் காட்டி, “ஐயா, அந்த மங்கலா இருக்கறதப் பாருங்க” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சுண்ணாம்பக் கையால தீத்துனாப்புல இருக்கு. அம்புட்டும் நட்சத்திரமா?” என்றார். சுமார் ஒரு கோடி என்றேன். மறுபடி வாங்கிப் பார்த்தார்.

சித்திரையின் சிரமம் வெக்கை. சென்சார் 6 டிகிரி சூடு ஏறினால் இருள் மின்னோட்டம் (வெளிச்சம் படாமலே சென்சாரில் எழும் மின்னோட்டம்) ஏறக்குறைய இரட்டிப்பாகும். படத்தில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி பூக்கும். லென்ஸை மூடி அதே சூட்டில், அதே எக்ஸ்போஷரில் டார்க் படங்கள் எடுத்துச் சிரில் என்னும் மென்பொருளில் கழித்தால் பெரும்பகுதி போய்விடும். இவற்றை வீட்டுக்கு வந்து ஏசி அறையில் எடுத்தால் பிரயோஜனமில்லை. கரையிலேயே எடுத்துவிட வேண்டும். பனி பற்றிய கவலை இந்த மாதத்தில் கிடையாது. மார்கழி, தையில் லென்ஸுக்கு ஹீட்டர் பட்டி கட்டாமல் முடியாது.

அடுத்தது பெரிய மெகல்லனிக் மேகம். பெயர்தான் மேகம், நம் பால்வெளிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னக் கேலக்ஸி அது. இங்கே 11 டிகிரிக்கு மேல் ஏறாது, அதனால் தெற்கே கடல் மட்டும் இருக்கும் இடம் வேண்டும். சேதுக்கரை தோதாகப் படுகிறது. தை அமாவாசையன்று தர்ப்பணத்துக்குக் கூட்டம் வரும், விளக்கும் இருக்கும். ஆகவே மூன்று நாள் முன்னதாகப் போவதாகத் திட்டம். முன்னிரவில் நிலா இருக்காது. யாராவது அந்தப் பக்கம் இரவில் படம் எடுத்திருந்தால், கரையில் எந்த இடம் நல்ல இருட்டு என்று சொல்லுங்கள்.