செங்காந்தள்: ஆறு வாரம், ஒரு தாள்

எங்கள் தாவர ஓவியக் குழுவின் அடுத்த கண்காட்சிக்கு 'ஏறுகொடிகள்' என்று முடிவாகி ஆறு வாரம் ஆகிறது. ஆளுக்கொரு கொடி. ஒருவர் சங்குப்பூ, ஒருவர் முல்லை, இன்னொருவர் பிரண்டை. நான் செங்காந்தளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தொட்டியில் வளர்க்கும் கொடி அந்த வாரம்தான் மொட்டு விட்டிருந்தது.

முதல் கூட்டத்தில் யாரும் வண்ணத்தைத் தொடவில்லை. ஒரு பூவைப் பிரித்துப் போட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்து, டிவைடரால் அளந்து எழுதுவதோடு சரி. தாவர ஓவியத்தில் பொதுவாக உண்மை அளவிலேயே வரைவோம். பெரிதாக்கினால் எத்தனை மடங்கு என்று பக்கத்தில் குறித்தாக வேண்டும். என் பூவில் மிக நீண்ட இதழ் 7 செ.மீ. புல்லி, அல்லி என்று பிரிக்க முடியாத ஆறு இதழ்கள், ஆறு மகரந்தத்தாள்கள், மூன்று அறைகள் கொண்ட சூல்பை. சூல்பையைக் குறுக்கே வெட்டி, மூன்று மடங்கு பெரிதாக்கி ஓரத்தில் வரைவதாகத் திட்டம்.

வேலையைத் தொடங்கும் முன் குழுவில் மூத்த அக்கா ஒரு எச்சரிக்கை சொன்னார். செங்காந்தளின் எல்லாப் பாகங்களிலும் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். எங்களில் பலருக்கு பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் உண்டு, எனக்கும்தான். இந்தச் செடியோடு அது கூடவே கூடாது என்றார். கையுறை போட்டுத்தான் வெட்டினேன். பிரஷ் நுனியை இப்போது ஈரத் துணியில் உருட்டிக் கூராக்குகிறேன். நன்றாகவே வருகிறது.

இரண்டாவது வாரம் பென்சில் வேலை. அதில் ஒரு தப்பு. மொட்டு கீழ்நோக்கித் தொங்கும், மலர்ந்ததும் இதழ்கள் மேல்நோக்கி மடங்கிவிடும்; இது எல்லாருக்கும் கண்ணில் படும். சூல்தண்டு மட்டும் சூல்பையின் நுனியிலிருந்து ஏறக்குறைய செங்கோணத்தில் பக்கவாட்டில் திரும்பிப் போகிறது. நான் உட்கார்ந்திருந்த கோணத்தில் அது நேராக இறங்குவதுபோல் தெரிந்தது, அப்படியே வரைந்துவிட்டேன். படத்தைக் குழுவில் காட்டியபோது அக்கா ஒன்றும் சொல்லாமல் இன்னொரு பூவை எடுத்து மெல்லத் திருப்பிக் காட்டினார். அந்த வளைவு இல்லாவிட்டால் அது செங்காந்தளே இல்லை. சூல்முடி மகரந்தப்பைகளின் வட்டத்தை எட்டிப் பிடிப்பது அந்த வளைவால்தான். டிரேசிங் தாளில் முழுப் பூவையும் மறுபடி வரைந்தேன். நல்ல தாளில் நேரடியாக வரைந்து அழித்திருந்தால் மேற்பரப்பு நைந்து, வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) திட்டுத்திட்டாகப் பிடித்திருக்கும்.

அப்புறம் நிறம். செங்காந்தளை வரைந்தவர்களுக்கு இந்தத் தவிப்பு தெரியும். மலரும்போது பச்சை கலந்த மஞ்சள், பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. மூன்று இதழ்களுக்கு வண்ணம் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து பார்க்கிறேன், எதிரில் இருப்பது வேறு பூ! மீதி மூன்றையும் அதைப் பார்த்துத் தீட்டியிருந்தால் ஒரே பூவில் இரண்டு வயது தெரிந்திருக்கும்.

இதற்கு வழி கிடைத்தது ஃபெர்டினாண்ட் பாயரிடமிருந்து. 1801-இல் மாத்யூ ஃப்ளிண்டர்ஸின் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் போன ஓவியர் அவர். செடி வாடும் முன் வண்ணம் தீட்ட நேரமில்லாததால், பென்சில் படத்தின் மேல் ஒவ்வொரு இடத்திலும் நிறத்துக்கான எண்ணை எழுதி வைத்தார். பல ஆண்டுகள் கழித்து அந்த எண்களைப் பார்த்துத் தீட்டினார். நிறங்களை அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தவர் அவர். எனக்கு 22 எண்கள் போதுமாயிருந்தன. அடுத்த பூ மலர்ந்த அன்று காலையில் சின்னத் தாள் துண்டுகளில் நிறம் கலந்து, இதழுக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டு, எண் போட்டு, எந்த வண்ணத்தில் எதைக் கலந்தேன் என்று பின்னால் எழுதினேன். அன்று முழுக்க இது மட்டும்தான். ஆனால் அதற்குப் பின் பூ வாடியதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

வண்ணத் தேர்வுக்கு குழு செய்துவரும் சோதனை உதவியது. வண்ணப் பட்டைகளின் பாதியை அட்டையால் மூடி, பல மாதங்களாக ஜன்னல் வெயிலில் வைத்திருக்கிறோம். அலிசரின் கிரிம்சன் (நிறமியின் குறியீட்டு எண் பிஆர் 83) மூடாத பாதியில் வெளிறியே போய்விட்டது. குவினாக்ரிடோன் சிவப்பில் (பிவி 19) என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதனால் மஞ்சளுக்கு பிஒய் 154, சிவப்புக்கு பிஆர் 255, ஆழத்துக்கு பிவி 19, இவ்வளவே. குழாயில் எழுதியிருக்கும் அழகான பெயரை விட்டுவிட்டு இந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் நான் அழுத்திச் சொல்வேன்.

இதழ் முழுக்க மஞ்சள் வாஷ் கொடுத்து நன்றாகக் காயவிட்டு, ஓரத்திலிருந்து சிவப்பை இழுத்து, ஈர பிரஷ்ஷால் மஞ்சளுக்குள் கரைத்தேன். இதழ் விளிம்பின் நெளிவுக்கு நிழல் வேண்டும். மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் பாசி நிறமாகிவிடும். நீர்த்த ஊதா ஒரு சொட்டு சேர்த்தால் நிழல் சுத்தமாக விழுகிறது. காய்ந்த பிறகு டிரை பிரஷ்ஷில், அதாவது ஈரம் மிகக் குறைந்த பிரஷ்ஷில், நரம்புகள்.

இலைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறது. இலை எங்கே முடிகிறது, கம்பி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்கவே முடியாது. பச்சை மெல்ல மெல்ல வெளிறிக்கொண்டே போகும். ஒரே ஒரு நுனிக்கு இரண்டு மாலைகள் ஆயின. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

சென்ற கூட்டத்தில் 14 படங்களையும் சுவரோரம் சாய்த்து வைத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் ஒளி இடப்பக்கம் மேலிருந்து வரும்படி வைத்திருந்ததால் ஒன்றுக்கொன்று நன்றாகச் சேர்ந்தன. சங்குப்பூவின் நீலத்தைப் பார்த்து எல்லாரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எனக்கு இன்னும் கிழங்கு பாக்கி. கலப்பைபோல் இரண்டாகப் பிரிந்திருக்கும், கலப்பைக் கிழங்கு என்ற பெயரே அதனால் வந்தது. தாளின் அடியில் 9 செ.மீ. இடம் விட்டிருக்கிறேன். கொடி காய்ந்ததும் கையுறையோடு தோண்டி எடுத்து அளக்க வேண்டும்.